தானாகக் காயட்டும்

ஜூன் 2, திங்கள்

காலையிலேயே தண்ணீர் இயந்திரம் பார்க்கிறவர் வரவில்லை. பிரிண்டர் மறுபடி மக்கர். டாக்டர் உள்ளே நுழைந்ததும், "மேனேஜர், ஏசி என்னாச்சு?" என்றார். ஏசியைத்தான் கேட்க வேண்டும். ஒரு சின்ன டயாலிசிஸ் மையத்தின் மேனேஜர் என்றால் எலக்ட்ரீஷியன், பிளம்பர், சண்டை தீர்த்து வைப்பவள் எல்லாம் சேர்ந்தது என்று வேலைக்குச் சேரும்போது யாரும் சொல்லவில்லை.

டெய்லர் வந்த பிறகுதான் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் நோயாளிகளில் பழையவர் அவர். வழக்கம்போல மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெளிர் நிறப் பேண்ட். கையில் ஊசி ஏற்றும் இடம் அடைத்துக்கொண்டதால் இப்போது கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். சட்டைக் காலரைப் பிரித்து, குழாய்க்குத் தோதாகத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஜன்னலோர நாற்காலிதான் அவருக்கு. அண்ணி அப்போதுதான் அதை மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைத்திருந்தாள். "மேடம், இன்னைக்கும் என்னைக் குளிப்பாட்டப் பாக்கறீங்களா?" என்றார். பேண்டின் பின்பக்கம் ஈரமாகி, அதோடு தெருவில் நடப்பது அவருக்கு மானப் பிரச்சினை. ஊருக்கே துணி தைக்கிறவன் நனைந்த பேண்டோடு போனால் கடையை மூட வேண்டியதுதான் என்பார். அண்ணி இடது பையிலிருந்து உலர்ந்த துணியை எடுத்தாள். கைப்பிடி, முதுகு, இருக்கை எல்லாம் பளபளவென்று ஒற்றி எடுத்தாள். "சிம்மாசனம் ரெடி. உக்காருங்க ராஜா."

அந்தப் பையே அவர் தைத்துக் கொடுத்தது. அண்ணியின் வேலைக் கோட்டில் வலது பக்கம் ஈரத்துணிக்கு, இடது பக்கம் உலர்ந்த துணிக்கு.

அண்ணன் போன பிறகு வீட்டில் நானும் அண்ணியும்தான். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். நான்தான் இங்கே துப்புரவு வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில், ஒரே வேலையிடத்தில், இன்னும் ஒருவர் மண்டையை ஒருவர் உடைக்கவில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதனால் இன்னும் நான் 'பாப்பா'. இன்றும் எல்லார் முன்னாலும், "பாப்பா, கையுறை தீந்துபோச்சு" என்றாள். நரைத்த தலையோடு ஒரு பாப்பா.

ஜூன் 6, வெள்ளி

டெய்லருக்கு நாற்காலியிலேயே குளிர்ஜுரம் வந்துவிட்டது. கட்டில் ஆடுவதுபோல நாற்காலி ஆடியது. அண்ணி போர்வையைப் போர்த்தி அவர் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, "சட்டை கசங்கிடுச்சு" என்றார்.

போன மாதம் இன்னொருவருக்கும் இப்படி வந்தது. அவர் தேறிவிட்டார். இவரும் தேறிவிடுவார்.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். 

டெய்லரின் ரத்தத்தில் கிருமி. எங்கள் நாற்காலிக் கைப்பிடிகளில் துடைத்தெடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதிலும் அதே கிருமி.

"இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "வீட்ல தொடைக்கிற மாதிரி இங்க தொடைச்சாப் போதாது. ஆஸ்பத்திரிக்குன்னே சுத்தம் பண்ற கம்பெனிங்க இருக்கு. பாத்து ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. உங்க முடிவுதான்."

அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

எங்கள் வீட்டுக் குழாயில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அப்படித் தேய்ப்பவளிடம் போய், நீங்கள் துடைத்த நாற்காலியில் கிருமி இருந்தது என்று எப்படிச் சொல்வது?

இன்று சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

முதல் கம்பெனி. டை கட்டிய ஆள், வழவழ காகிதத்தில் படங்கள். படத்தில் துடைப்பத்தோடு நிற்கிற எல்லாரும் கல்யாண வீட்டில் நிற்பதுபோலச் சிரிக்கிறார்கள். நாற்காலிப் பக்கமே திரும்பவில்லை அவர். வாசல் கண்ணாடியைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பையிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்து, "ரோஜாவா, எலுமிச்சையா மேடம்?" என்றார்.

எங்கள் தலைமை நர்ஸ் பக்கத்தில் நின்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மிலிட்டரி. "வாசனை இருக்கட்டும், கிருமி சாகுமா?"

"அது தனி பேக்கேஜ் மேடம்."

மிலிட்டரி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அவர் தானாகவே பையை மூடிவிட்டார். சிரித்துவிட்டேன். டெய்லர் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பார்.

ஜூன் 13, வெள்ளி

அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. டை கட்டியவர் போகும் வழியில் அவளிடமே, "இனிமே எங்க ஆளுங்க பாத்துப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புண்ணியவான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "எங்கிட்ட என்ன அழுக்கைக் கண்ட?"

"அழுக்கு இல்ல அண்ணி. டாக்டர் முடிவு. இப்ப எல்லா இடத்துலயும் கம்பெனிதான்."

"டாக்டர் முடிவா, உன் முடிவா?"

அவள் தட்டைக் கழுவப் போனாள். கழுவி, துணியால் ஒற்றி, கவிழ்த்து வைத்தாள். கழுவின எதையும் ஈரமாக விட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

ஜூன் 16, திங்கள்

இரண்டாவது கம்பெனி. வேர்க்க விறுவிறுக்க ஒருவர் வந்தார். நல்ல மனிதர் மாதிரித்தான் தெரிந்தது. "உங்க ஆளையே வெச்சுக்கறோம் மேடம். சட்டை மட்டும் எங்களோடது. ஒரு மாற்றமும் இருக்காது."

அப்படியே பிடித்துக்கொள்ளலாம் என்று ஆசை வந்தது, உண்மையைச் சொன்னால். அண்ணி அதே வேலையில், வேறு சட்டையில். எனக்கும் வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்கும்.

"பயிற்சி ஏதாவது?" என்று கேட்டேன்.

"தொடைக்கறதுக்கு என்ன மேடம் பயிற்சி?"

அவர் போன பிறகும் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாற்றமும் இருக்காது என்றால் கிருமியும் அங்கேதான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிய டெய்லருக்கு இன்னும் அது சரியாகத் திரும்பவில்லை.

ஜூன் 18, புதன்

மூன்றாவது கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள். மேற்பார்வையாளராம். குட்டையாக, தடித்த கண்ணாடி, அதிகம் பேச்சில்லை. படம் எதுவும் காட்டவில்லை. ஒரு பேனாவை எடுத்து நாற்காலிக் கைப்பிடியின் அடிப்பக்கம், இயந்திரத்தின் பொத்தான், மேசை விளிம்பு என்று கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் வைத்தார். நீல டார்ச் அடித்தால் மட்டும் அவை மின்னுகின்றன. "நாளைக்கு வந்து அடிச்சுப் பாப்பேன். துணி படாத இடம் இருந்தா அங்க மின்னும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

டார்ச் அம்மா என்று பெயர் வைத்தாயிற்று. அண்ணியிடம் சொல்லவில்லை. எனக்குத்தான் பரீட்சை எழுதியதுபோல இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

ஒரு புள்ளிகூட இல்லை.

ஒன்றுகூட. டார்ச் அம்மா குனிந்து, படுத்து, நாற்காலிக்கு அடியில் எல்லாம் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இத்தனை வருஷத்துல நான் இப்படிப் பாத்ததில்ல. யார் இங்க தொடைக்கறது?"

"எங்க அண்ணி," என்றேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினதுபோல இருந்தது.

ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. டார்ச்சைத் தானே வாங்கி அடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், இந்த மாதத்தில் முதல் தடவை. "அப்ப எம்மேல குறை இல்லல்ல, பாப்பா?"

"இல்ல அண்ணி."

சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தோம். டெய்லர் கண் திறந்ததும் இதைச் சொல்ல வேண்டும் என்றாள். குறை வேறு எங்கோ இருக்கிறது. தண்ணீரிலோ, காற்றிலோ. எங்கே இருந்தாலும் சரி.

ஜூன் 20, வெள்ளி



டார்ச் அம்மா இன்றும் வந்தார். எல்லா இடத்திலும் துணி பட்டிருக்கும்போது கிருமி எப்படி வளர்ந்தது என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. ஓரமாக நின்று அண்ணி வேலை செய்வதைப் பார்த்தார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஈரத்துணியால தொடைச்ச உடனே காஞ்ச துணியால ஒத்தி எடுத்துடறாங்க. அது கூடாதும்மா. மருந்து ஈரமா நிக்கணும். தானாக் காயணும். ஈரம் நிக்கற நேரத்துலதான் அது கிருமியைக் கொல்லும். உடனே ஒத்தி எடுத்துட்டா, பாக்கப் பளபளன்னு இருக்கும், உள்ள அப்படியேதான் இருக்கும்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா எல்லா நாற்காலியையும் ஒரே மாதிரி பண்ணல. மத்ததை லேசாத்தான் ஒத்தறாங்க. அந்த ஜன்னலோர நாற்காலியை மட்டும் சொட்டு ஈரம் இல்லாம எடுக்கறாங்க. காலியாத்தான இருக்கு அது, ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியும். டெய்லர் திரும்பி வரும்போது ஈரமாக இருக்கக் கூடாது என்று.

"அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம். சொல்லாதீங்க." நேற்றுத்தான் குறை இல்லை என்று சொன்னேன். என் வாயால்.

ஜூன் 22, ஞாயிறு

டெய்லர் போய்விட்டார்.

அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் மனைவி அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டு வைத்திருந்தார். அண்ணி அழுத அழுகையைப் பார்த்து அவர் மனைவியே எழுந்து வந்து அவளைத் தேற்றினார். "உங்களைப் பத்தித்தான் வீட்ல எப்பவும் பேச்சு. எனக்குன்னு தனியாத் தொடைச்சுக் குடுக்கறாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

நான் வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளே நிற்க முடியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

டார்ச் அம்மாவின் கம்பெனிதான். டாக்டர் கையெழுத்துப் போட்டார். மூன்று பேரில் நாற்காலியைக் குனிந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். வேறு முடிவு எடுக்க எனக்கு உரிமையும் இல்லை. அந்த நாற்காலிகளில் இன்னும் ஆட்கள் உட்காருகிறார்கள்.

அண்ணியையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "தாராளமா. ஆனா பயிற்சிக்கு வரணும். முதல் நாள் முதல் பாடமே ஈரம் காயறதுதாம்மா. அவங்களுக்காக அதை விட முடியாது," என்றார்.

அதனால் அண்ணியை நிறுத்திவிட்டேன். அந்தப் பாடத்தை அவள் கேட்க வேண்டாம். என்மேல் கோபமாக இருக்கட்டும். கோபம் ஆறும். இது ஆறுமா?

வீட்டில் சொன்னேன். புதிய ஒப்பந்தம், அவர்கள் ஆள்தான் வருவார்கள் என்று. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு புள்ளிகூட இல்லன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

அவள் கோட்டை மடித்து பீரோவில் வைத்தாள். "சரிங்க, மேனேஜர் அம்மா," என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

மேனேஜர் அம்மா சாப்பிட வரலாம். மேனேஜர் அம்மா குளிக்க வெந்நீர் இருக்கு. இப்படியே போகிறது வீடு. அடித்திருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 1, செவ்வாய்

புதிய ஆட்கள் வந்துவிட்டார்கள். துடைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு நகர்கிறார்கள். நாற்காலிகள் மழையில் நனைந்ததுபோலத் திட்டுத் திட்டாக நிற்கின்றன. "பழைய அம்மா இருந்தப்ப எவ்வளவு சுத்தமா இருக்கும்," என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். இன்னொருவர் புகார்ப் பெட்டியில் எழுதியே போட்டுவிட்டார். காயும் வரை நில்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

டார்ச் அம்மா போன் செய்தார். "உங்க அண்ணி எங்க ஆபீசுக்கே வந்துட்டாங்க. 'உங்க டார்ச்சுல நான் பாஸாயிட்டேன், அப்புறம் ஏன் எனக்கு வேலை இல்ல'ன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

நான் ஓடிப்போய்ச் சொன்ன அந்த டார்ச் சமாசாரம்தான் அவளைக் கையைப் பிடித்து அங்கே அழைத்துக்கொண்டு போயிருக்கிறது.

வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஒருத்தியின் வேலையை எத்தனை தடவை பறிப்பது? "சேத்துக்கங்க," என்றேன். பயிற்சி திங்கட்கிழமை. அதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். யாரோ நடத்தும் வகுப்பில் அவள் அதைக் கேட்கக் கூடாது. நான்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் புதுச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மெல்லிய குரலில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு. அண்ணன் போன பிறகு அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

மத்தியானம் சொல்லலாம் என்றிருந்தேன். "டெய்லர் இருந்தா இதைக் கையில குடுத்திருப்பேன். இடுப்புல பிடிக்குது. ஒரு பையும் இல்ல பாரு," என்றாள். என்னிடம் நேராகப் பேசினாள், மேனேஜர் அம்மா போடாமல்.

சாயங்காலமும் சொல்லவில்லை. நான் கோழை. வேறு பெயர் இல்லை இதற்கு.

ஜூலை 7, திங்கள்

நான் வீடு திரும்பியபோது அண்ணி சாப்பாட்டு மேசை முன்னால் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அவர் போறதுக்கு முன்னாடியே."

தலையை ஆட்டினாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வகுப்புல ஒரு பொண்ணு கேட்டா, காயறதுக்கு முன்னாடி தொடைச்சா என்ன ஆகும்னு. அந்தம்மா என்னைப் பாத்துட்டுச் சட்டுனு கீழ பாத்தாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு." உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மத்தவங்களுக்கெல்லாம் ஏனோதானோன்னு ஒத்தினேன். அவருக்குத்தான் பாத்துப் பாத்து..."

"அண்ணி, அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு டாக்டரே..."

"நீ சொல்லாதடி."

இத்தனை வருடத்தில் என்னை 'டி' போட்டதில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் ஏன் நேற்றே சொல்லவில்லை? அதற்கு முன்னால் ஏன் சொல்லவில்லை? அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அவளைத் தனியாக அனுப்பி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் செய்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

வேலைக்குப் போகமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

டார்ச் அம்மா அவளுக்கு வேறு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பல் ஆஸ்பத்திரி, வீட்டுக்கும் பக்கம். அண்ணி வேண்டாம் என்றுவிட்டாளாம். எங்கள் மையம்தான் வேண்டுமாம்.

வீட்டில் பேச்சே இல்லை. பாப்பாவும் இல்லை, மேனேஜர் அம்மாவும் இல்லை. என் தட்டை எடுத்து வைக்கிறாள், அவ்வளவுதான்.

ஜூலை 16, புதன்

ஜன்னலோர நாற்காலிக்குப் புதிதாக ஒரு பெண் வருகிறாள். வங்கியில் வேலை, எப்போதும் அவசரம். இன்று அண்ணி துடைத்துவிட்டு நகர்ந்ததும் அவள் உட்காரப் போயிருக்கிறாள். அண்ணி திரும்பி வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டாளாம், இரண்டு கையையும் விரித்து.

"ஈரமா இருந்தாப் பரவாயில்லங்க, உக்காந்துக்கறேன்."

"காயட்டும்மா."

"நேரமாகுதுங்க."

"ஆகட்டும்."

மிலிட்டரிதான் சொன்னார். "துணியால தொடைச்சுடுங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னதுக்கு உங்க அண்ணி முகம் போன போக்கைப் பாக்கணுமே. நானே பயந்துட்டேன்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் தெரியும். ஈரத்தைக் காய விடும் புது முறையைப் பார்த்ததிலிருந்து இங்கே எல்லாருக்குமே தெரியும்.

நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் அண்ணி பீரோவைத் திறந்து பழைய கோட்டை எடுத்தாள். வெளியே கொடுத்துவிடுவாளோ என்று பார்த்தேன். இடது பையை மட்டும் பிரித்து எடுத்தாள். ஒரு தையல்கூட அறுக்கவில்லை. ஊசி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி, நூல் முழுதாக வரும்படி எடுத்தாள். டெய்லர் போட்ட தையல் அல்லவா, லேசில் வரவில்லை. பிறகு கோட்டை ஒரு பக்கம், அந்தத் துண்டை ஒரு பக்கம் மடித்து, இரண்டையும் திரும்ப உள்ளேயே வைத்தாள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்தாள். நான் பழக்க தோஷத்தில் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்து கையை மேசைமேல் ஊன்றினேன்.

"பாப்பா, கையை எடு. காயட்டும்."

எடுத்தேன். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். மேசை ஓரத்திலிருந்து ஈரம் மெல்ல மெல்ல உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு திட்டு மட்டும் போகவே மாட்டேன் என்றது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை இடுப்புப் பக்கம் போய், அங்கே பை இல்லாததால், என் கையைப் பிடித்துக்கொண்டது.

அது காய்ந்த பிறகுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.